கோந்தோர்சே: தலைமறைவு அறையில் எழுதப்பட்ட மனித முன்னேற்ற வரலாறு

வரலாற்றுவாசல்

அறிவொளிக் கால வரலாற்றுத் தத்துவம் என்று பேச்செடுத்தால் வோல்தேரில் தொடங்கி, கான்ட்டைத் தொட்டுவிட்டு, நேராக ஹெகலுக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் நிற்கும் பிரெஞ்சுக் கணித அறிஞரும் தத்துவவாதியுமான கோந்தோர்சேயை "முன்னேற்றத்தைக் கண்மூடி நம்பியவர்" என்று ஒரே வரியில் கடந்துபோவதே வழக்கமாகிவிட்டது. அந்த ஒற்றை வரியில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஜூலை 8 அன்று, அவரைக் கைது செய்ய கன்வென்ஷன் என்ற பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆணையிட்டது. பாரிஸில் லக்சம்பூர் தோட்டத்துக்கு அருகே, இன்று செர்வாந்தோனி என்று பெயர் மாறியிருக்கும் குறுகலான தெருவில், மதாம் வெர்னே என்ற விதவையின் வீட்டில் ஒளிந்துகொண்டார். அடுத்த மார்ச் வரை வெளியே தலைகாட்டவில்லை. அக்டோபர் கடைசியில் அவருடைய அரசியல் நண்பர்களான ஜிரோந்தின்கள் (கன்வென்ஷனின் மிதவாதக் குழுவினர்) கில்லட்டினுக்குப் போனார்கள். அந்தச் செய்திகள் அறைக்குள் வந்துகொண்டிருந்த நாட்களில்தான், பெரும்பாலும் நினைவை மட்டுமே நம்பி, 'மனித மனத்தின் முன்னேற்றங்கள் பற்றிய வரலாற்றுச் சித்திரத்தின் வரைவு' என்ற நூலை எழுதினார்.

மனித வரலாற்றை அதில் பத்துக் காலகட்டங்களாகப் பிரிக்கிறார். குலக்கூட்டங்கள், மேய்ச்சல் வாழ்க்கை, உழவிலிருந்து எழுத்து வரை என முதல் மூன்று. பிறகு கிரேக்கம், அறிவியல்களின் சரிவு, இருண்ட நூற்றாண்டுகள், மறுமலர்ச்சி, அச்சு. தெகார்த்திலிருந்து பிரெஞ்சுக் குடியரசு வரை ஒன்பதாவது. பத்தாவது, இனி வரப்போகும் காலம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஏறிக்கொண்டே போகும் கதை மாதிரி தெரியும். ஊன்றிப் படித்தால் ஒவ்வொரு காலகட்டத்திலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: அறிவு யார் கையில் இருக்கிறது? ஒரு சிறு கூட்டம் அறிவைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொண்டால் மற்றவர்கள் அதற்கு அடிமையாகிறார்கள், அந்த அறிவும் நாளடைவில் செத்துப்போகிறது. பரவினால் இரண்டும் பிழைக்கின்றன. அந்த நூலின் உயிர் இதில் இருக்கிறது என்பது என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

புதுப்படிப்பு

நல்ல இழை அண்ணா. எனக்கு இவர் பெயர் தேர்தல் கோட்பாட்டில் மட்டும்தான் பழக்கம். அடிப்படையான ஒரு கேள்வி. இவர் பிரபுக் குடும்பம்தானே? புரட்சியை ஆதரித்தவரும் கூட. அப்படியிருக்க புரட்சியே ஏன் இவரைத் துரத்தியது?

வரலாற்றுவாசல்

சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி.

1743 செப்டம்பர் 17, பிக்கார்டிப் பகுதியில் ரிப்மோன் என்ற ஊரில் பிறப்பு. தந்தை குதிரைப்படை அதிகாரி; பிள்ளை பிறந்த சில வாரங்களில் இறந்துவிட்டார். தாய் பயந்துபோய் மகனைக் கன்னி மரியாளுக்கு நேர்ந்துவிட்டு, எட்டு வயது வாக்கில் வரை வெள்ளைப் பெண்பிள்ளை உடையில் வளர்த்தார். பிறகு ரீம்ஸ் நகரில் ஏசு சபைப் பாதிரிகளின் பள்ளி. மதகுருமார் மீது வாழ்நாள் முழுக்க அவருக்கிருந்த வெறுப்பு அங்கே முளைத்ததுதான்.

கணிதம் அவரைத் தூக்கிவிட்டது. கணித மேதை தாலம்பேர் அவரைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். 1765இல் தொகை நுண்கணிதம் பற்றிய நூல், 1769இல் அறிவியல் அகாடமி, 1776இல் அதன் நிரந்தரச் செயலர். 1774இல் தியுர்கோ நிதியமைச்சர் ஆனபோது இவரை நாணயச்சாலைக்குத் தலைமை ஆய்வாளராக்கினார். வரலாற்றுப் பார்வையில் இவருக்கு ஆசான் என்றால் தியுர்கோதான். மனித மனத்தின் தொடர் முன்னேற்றம் பற்றி 1750லேயே சொர்போனில் உரை நிகழ்த்தியவர் அவர். தானியச் சந்தைச் சீர்திருத்தம் கலவரத்தில் முடிந்து, 1776இல் தியுர்கோ பதவி இழந்தார். நல்ல சட்டம் மட்டும் இருந்தால் போதாது, அது எதற்கென்று ஜனங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கோந்தோர்சே அந்த வீழ்ச்சியில் கற்றார் என்று நான் வாசிக்கிறேன்.

இனி உன் கேள்வி. புரட்சியில் அவர் எந்தக் கட்சிக்குள்ளும் முழுசாக அடங்கவில்லை. மன்னர் மீதான விசாரணையில் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டார், ஆனால் மரண தண்டனைக்கு ஓட்டுப் போடவில்லை. கொலைத்தண்டனையே கூடாது என்பது அவருடைய பழைய நிலைப்பாடு. 1793 பிப்ரவரியில் அவர் தலைமையில் தயாரான அரசியலமைப்பு வரைவைக் கன்வென்ஷனில் வைத்தார். ஜூன் 2 அன்று ஜிரோந்தின்கள் விரட்டப்பட்டதும் அது குப்பைக்குப் போனது. சில நாட்களில் அவர்களை விரட்டிய தீவிரக் குழுவான ஜாக்கோபின்கள் அவசர அவசரமாகத் தயாரித்த அரசியலமைப்பைக் கண்டித்து, குடிமக்களுக்கு வெளிப்படையாக எழுதினார். ஷாபோ என்ற உறுப்பினர் அதைக் காட்டி அவர்மீது குற்றம் சாட்டினார். அன்றே கைது ஆணை.

கணக்குவாத்தியார்

தேர்தல் கோட்பாட்டைத் தம்பி தொட்டதால் வருகிறேன். அவருடைய வரலாற்றுத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள, 1785இல் வந்த நிகழ்தகவு நூலைத் தவிர்க்கவே முடியாது. பெரும்பான்மை ஓட்டில் எடுக்கும் முடிவு சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நடுவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரியான முடிவெடுக்க 60% வாய்ப்பு. பெரும்பான்மை முடிவு சரியாக இருக்க வேண்டுமானால் மூவரும் சரியாக இருக்கணும் (0.216), அல்லது ஏதாவது இருவர் சரியாக இருக்கணும் (0.432). கூட்டினால் 0.648. தனி ஆளைவிடக் கூட்டம் கொஞ்சம் மேல். ஐந்து பேரானால் 0.68க்குச் சற்று மேல். ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட உறுதி என்ற நிலைக்குப் போகும்.

அதே கணக்கைத் திருப்புங்கள். ஒவ்வொருவரும் சரியாக இருக்க 40% தான் வாய்ப்பு என்றால், மூன்று பேரில் 0.352, ஐந்து பேரில் 0.317. ஆள் கூடக் கூடக் கெடுகிறது! தலைக்குப் பாதிக்கு மேல் சரி என்ற நிலை இருந்தால் ஜனநாயகம் உண்மையை நோக்கி இழுக்கும், பாதிக்குக் கீழே போனால் தவறை நோக்கி இழுக்கும். அறிவு பெறாத மக்களுக்கு ஜனநாயக அமைப்பைக் கொடுப்பது ஆபத்தாகக்கூட முடியலாம் என்று அந்த நூலிலேயே எச்சரிக்கிறார்.

1792இல் பொதுக்கல்வித் திட்டத்தை ஏன் அப்படி மல்லுக்கட்டிக் கொண்டுவந்தார் என்று இப்போது விளங்கும். ஏப்ரல் 20, 21 தேதிகளில் சட்டமன்றத்தில் அதைப் படித்தார். அதே 20ஆம் தேதி ஆஸ்திரியா மீது போர் அறிவிப்பு வந்து, படிப்பதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டணமில்லாக் கல்வி, ஆண் பெண் இருபாலருக்கும் படிப்பு, வேலைக்குப் போன பெரியவர்களுக்கும் தொடர்கல்வி, பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் வாயாக மாறாமலிருக்க ஏற்பாடு, எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு நெஞ்சில் நிற்கும் இடம் ஒன்று. அரசியலமைப்பையும் மனித உரிமைப் பிரகடனத்தையும்கூட வானத்திலிருந்து இறங்கிய பலகைகள் மாதிரி வணங்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்கிறார். தானே பாடுபட்டுக் கொண்டுவந்த புரட்சியைப் பற்றி இப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

இன்னொன்று. பெரும்பான்மை தனக்குள்ளேயே முரண்படலாம் என்றும் காட்டியவர் அவரே. மூன்று பேர், மூன்று வேட்பாளர்கள். முதல் ஆளின் வரிசை அ, ஆ, இ. இரண்டாமவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. ஜோடி ஜோடியாக எண்ணுங்கள்: அ வென்று ஆ தோற்கும், ஆ வென்று இ தோற்கும், இ வென்று அ தோற்கும். சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவே வராது. மக்கள் தீர்ப்பு தானாகவே தெளிவாக வந்துவிடும் என்று கண்மூடி நம்பியவர் இதைத் தேடிக் கண்டுபிடிப்பாரா?

எதிர்க்கரை

வாத்தியார் சார், கணக்கு அருமை. ஆனால் என் மறுப்பே அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. "சரியான" முடிவு என்று ஒன்று வெளியே தயாராக இருக்கிறது, மனிதர்கள் அதை நோக்கி நகர்கிறார்கள் என்ற அனுமானம் அதற்குள்ளேயே இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தலாம். மொத்த மனிதகுல வரலாற்றுக்கும் எப்படிப் பொருந்தும்?

ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் 1774லேயே இதைக் கேட்டுவிட்டார். ஒவ்வொரு உருண்டைக்கும் அதன் ஈர்ப்பு மையம் அதற்குள்ளேயே இருப்பது போல, ஒவ்வொரு மக்களுக்கும் அவர்களுடைய மகிழ்ச்சியின் மையம் அவர்களுக்குள்ளேயே இருக்கிறது என்றார். பழைய எகிப்தியனை 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரனின் அளவுகோலால் அளக்காதே என்பது அதன் பொருள். கோந்தோர்சே அதைத்தான் செய்கிறார். சீனாவைப் பற்றி எழுதுவதைப் பாருங்கள்: எழுத்து உண்டு, அச்சு உண்டு, எல்லாரையும் முந்திக்கொண்டது உண்டு, இருந்தும் வெட்கக்கேடான தேக்கத்தில் கிடக்கிறது என்று ஒரே தீர்ப்பு. சீன மொழி தெரியாது, சீனாவைப் பார்த்ததில்லை. பத்துக் காலகட்டத்தில் நாலைந்து கிரேக்கத்திலும் ஐரோப்பாவிலுமே சுற்றுகின்றன. அதற்கு 'மனித மனத்தின்' வரலாறு என்று பெயர்!

அவருக்கு முன்பே இத்தாலியில், நேப்பிள்ஸில், வீக்கோ என்ற தத்துவவாதி இருந்தார். 1725இல் முதல் பதிப்பு வந்த 'புதிய அறிவியல்' நூலில், நாடுகள் எழுவதும் விழுவதும் மீண்டும் எழுவதும் ஒரு சுழற்சி என்று காட்டினார். பழங்காலத்தவரின் கதைகளை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அவர்கள் உலகைப் புரிந்துகொண்ட முறை என்று மதித்தார். வரலாற்று அறிவு என்று பார்த்தால் அதுதான் ஆழம். கோந்தோர்சேக்குப் புராணம் என்றாலே பூசாரியின் ஏமாற்று.

வரலாற்றுவாசல்

எதிர்க்கரை ஐயா, சீனா பற்றிய இடத்தை நான் தாங்கிப் பேசப்போவதில்லை. புராணத்தை முழுக்கப் பூசாரியின் தந்திரமாகப் பார்த்ததும் குறைதான். வீக்கோ அங்கே அவரைவிட எவ்வளவோ உயரத்தில் நிற்கிறார்.

ஆனால் "பாரிஸ்காரனின் அளவுகோல்" என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். அந்த அளவுகோலால் அவர் முதலில் அடிப்பது ஐரோப்பியர்களைத்தான். பத்தாம் காலகட்டத்தில், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பியர் நிறுவிய குடியிருப்புகளின் கதையைப் பாருங்கள் என்கிறார். வணிக ஏகபோகம், துரோகம், வேறு நிறத்தவர் மீதும் வேறு நம்பிக்கைக்காரர் மீதும் காட்டிய ரத்தம் தோய்ந்த இகழ்ச்சி, அடாவடியான அபகரிப்பு, மிஷனரிகளின் அத்துமீறிய மதமாற்றமும் சூழ்ச்சியும் என்று வரிசையாகச் சொல்லி, நம் அறிவின் மேன்மை முதலில் சம்பாதித்திருந்த மரியாதையையும் நல்லெண்ணத்தையும் இவைதான் அழித்தன என்கிறார். கும்பெனிகள் உலகைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியது இது.

எதிர்காலத்தில் அவர் எதிர்பார்ப்பது மூன்று: நாடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு ஒழிவது, ஒரே நாட்டுக்குள் சமத்துவம் வளர்வது, மனிதரே மேம்படுவது. நாடுகளின் சமத்துவத்தை முதலில் வைக்கிறார்.

மூன்றாம் காலகட்டத்தையும் இதோடு சேர்த்துப் படிக்கணும். பூசாரி வர்க்கம் வானியலைக் கண்டுபிடித்தது, கணக்கைக் கண்டுபிடித்தது. ஆனால் மற்றவர் மீது ஆளுமை செலுத்தும் கருவியாக அதை மறைத்து வைத்தது. தனக்கொரு கோட்பாடு, ஜனங்களுக்கொரு கதை என்று இரட்டைப் புத்தகம் நடத்தியது. கடைசியில் தான் மறைத்ததன் பொருளைத் தானே மறந்தது. எட்டாம் காலகட்டத்தில் அச்சு வந்து அதை உடைக்கிறது. எல்லாக் கதவையும் அடைத்தாலும் ஒரு மூலையில் ஒரு அச்சகம் தப்பிவிட்டால் போதும், உண்மை வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு. மக்கள் கருத்து என்ற புது நீதிமன்றம் அங்கே பிறக்கிறது.

சிவப்புமை

தோழர்களே, கும்பெனிகளைத் திட்டியதை எடுத்துக்காட்டியது சரி. ஆனால் அடிமை முறை பற்றிய பக்கத்தையும் திறக்க வேண்டும்.

1781இல் யோவாகிம் ஷ்வார்ட்ஸ் என்ற புனைபெயரில் நீக்ரோ அடிமை முறைக்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டார். மனிதனை அடிமையாக்குவது குற்றம், திருட்டைவிடப் பெரிய குற்றம் என்று தொடக்கத்திலேயே அடித்துச் சொல்கிறார். முதலாளிக்கு நஷ்டஈடு கேட்கவே உரிமையில்லை என்கிறார். எல்லாம் சரி. தீர்வு என்று வரும்போது? படிப்படியாக, சுமார் 70 ஆண்டில் முடிந்துபோகும் ஒரு திட்டம்! இன்று அடிமையாக இருப்பவன் தன் பேரன் காலம் வரை பொறுக்கணும்.

1791 ஆகஸ்டில் பிரான்சின் கரீபியக் குடியேற்றமான சான் தோமிங்கில் (இன்றைய ஹைட்டி) அடிமைகள் எழுந்தார்கள். 70 ஆண்டுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. 1793இல் அங்கே விடுதலை அறிவிப்பு வந்தது. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் கன்வென்ஷன் தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. அதைச் செய்தது எந்த கன்வென்ஷன்? இவரை வேட்டையாடிய ஜாக்கோபின்களின் கன்வென்ஷன். இவர் அப்போது மதாம் வெர்னே வீட்டு அறையில். வரலாற்றை நகர்த்துவது அறிவு பரவுவதா, ஒடுக்கப்பட்டவன் கையில் எடுக்கும் தீப்பந்தமா என்ற கேள்விக்கு அந்த ஒரு தேதியில் விடை இருக்கிறது.

நெய்தல்

சிவப்புமை தோழர் சொன்ன 70 ஆண்டு எனக்கும் உறுத்தும் இடம்தான். ஆனால் இவ்வளவு நேரமாக அவருடைய மனைவி சோஃபி த குரூஷி பெயரே வராமல் இந்த இழை ஓடுகிறதே! அவர் இல்லாவிட்டால் இந்த நூலே கிடையாது.

மனைவி என்ற முறையில் சொல்லவில்லை. தலைமறைவின் தொடக்கத்தில் கோந்தோர்சே எழுதிக்கொண்டிருந்தது தன் அரசியல் வாழ்க்கைக்கு ஒரு தன்னிலை விளக்கம். யார் தன்னை எப்படி ஏமாற்றினார்கள், தான் எங்கே சரி என்ற ரீதியில். அந்தக் கைப்பிரதி பாதியில் நிற்கிறது. வரலாற்று நூலை எழுதுவதற்காகத் தன் வேண்டுகோளின்பேரில் இது கைவிடப்பட்டது என்று சோஃபி அதில் தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார். எதிரிகளுக்குப் பதில் சொல்லிப் பொழுதைக் கழிக்காதே, எழுத வேண்டியதை எழுது என்று அவரைத் திருப்பிவிட்டவர் அவர்.

அப்போது சோஃபி இருந்த நிலையைப் பாருங்கள். சொத்து முடக்கப்பட்டுவிட்டது. மூன்று வயது மகள் எலிசா கையில். பாரிஸில் சேன் ஓனோரே தெருவில் உள்ளாடைகள் விற்கும் சிறு கடை வைத்து, சிறிய முக ஓவியங்கள் தீட்டிப் பிழைத்தார். ஓதெய் கிராமத்திலிருந்து குடியானவப் பெண் வேடத்தில் நகருக்குள் வந்து, யாருக்கும் தெரியாமல் கணவரைப் பார்த்துவிட்டுப் போவார். மகளுக்காகச் சொத்தில் கொஞ்சமாவது காப்பாற்ற, கணவரின் சம்மதத்தோடே விவாகரத்துக்கு மனுப் போட்டார். தீர்ப்பு வந்தபோது கணவர் உயிரோடு இல்லை; அது சோஃபிக்குத் தெரியாது. பின்னாளில் ஆடம் ஸ்மித்தின் 'அறவுணர்வுகளின் கோட்பாடு' நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, பரிவுணர்வு பற்றித் தன்னுடைய எட்டுக் கடிதங்களையும் சேர்த்து 1798இல் வெளியிட்டார். ஸ்மித்தோடு அவர் முரண்படும் இடங்கள் தனி இழைக்கே தகும்.

மதாம் வெர்னேவும் அப்படித்தான். தேடப்படுபவரை ஒளித்து வைத்தால் தன் தலையும் போகும் என்று தெரிந்த பெண். தன்னால் அவருக்கு ஆபத்து என்று கோந்தோர்சே கிளம்பப் பார்த்தபோது, கன்வென்ஷனுக்கு உங்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த உரிமை இருக்கலாம், மனிதத்துக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை என்று தடுத்தாராம். அதே வீட்டில் மார்கோஸ் என்ற கன்வென்ஷன் உறுப்பினரும் குடியிருந்தார். மதாம் அவரிடமே விஷயத்தைச் சொல்லி வாயடைத்தார்! அந்த மனிதர் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை.

பெண்ணுரிமை பற்றி 1790 ஜூலையில் கோந்தோர்சே எழுதிய கட்டுரையையும் சொல்ல வேண்டும். கர்ப்பமும் மாதாந்திரச் சோர்வும் பெண்களுக்கு உண்டு, அதனால் ஓட்டுரிமை கூடாது என்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில்: குளிர்காலம் தோறும் கீல்வாதத்தில் விழுகிறவர்களுக்கும் எளிதில் சளி பிடிப்பவர்களுக்கும் அந்த உரிமையை மறுக்க யாருக்கும் தோன்றவில்லையே. அதே கட்டுரையில், ஒன்று மனித இனத்தில் எவருக்குமே உண்மையான உரிமை இல்லை, அல்லது எல்லாருக்கும் ஒரே உரிமைதான். மதம், நிறம், பால் எதுவானாலும் இன்னொருவரின் உரிமைக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவர் அப்போதே தன் உரிமையையும் துறந்துவிட்டார் என்கிறார்.

அதனால்தான் எனக்குக் கோபம். மூன்றாண்டு கழித்து அவர் கையால் வந்த அரசியலமைப்பு வரைவில் ஓட்டு 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும். கன்வென்ஷனில் எடுபடாது என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் விட்டார் என்பது விட்டார்தான்.

புதுப்படிப்பு

நெய்தல் அக்கா, இந்தக் கைப்பிரதிக் குறிப்பு எனக்குப் புதுசு. அவர் எப்படி இறந்தார்? விஷம் குடித்தார் என்று ஒரு இடத்தில் படித்தேன், வேறிடத்தில் அப்படி இல்லை.

வரலாற்றுவாசல்

1794 மார்ச் 25 காலை, வீடு சோதனைக்கு வரும் என்ற அச்சத்தில், மதாம் வெர்னேவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியேறினார். பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்தனே ஓ ரோஸ் என்ற ஊரில் சுவார் தம்பதி, நெடுநாள் நண்பர்கள். அவர்கள் அவரை வீட்டில் தங்கவைக்கவில்லை. இரவில் தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தோம் என்று அவர்கள் தரப்பு பின்னால் சொன்னது. அதை நம்பாதவர்களும் உண்டு.

மாதக்கணக்கில் நடந்து பழகாத கால். திறந்த வெளியில் படுத்து, 27ஆம் தேதி கிளாமாரில் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்து சாப்பாடு கேட்டார். ஆம்லெட்டுக்கு எத்தனை முட்டை என்று கேட்டதற்கு ஒரு டஜன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு முட்டைக் கணக்குத் தெரியாது என்று சிரிக்க வசதியான கதை. அதை நான் வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பியேர் சிமோன் என்று பொய்ப் பெயர் சொன்னார். அடையாளச் சீட்டு இல்லை. சட்டைப்பையில் ஹொராஸின் லத்தீன் கவிதைகள் இருந்தன. பூர் லா ரேன் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஓரிரு நாளில் அறையில் பிணமாகக் கிடந்தார்.

மருத்துவ நண்பர் கபானி கொடுத்து வைத்திருந்த விஷத்தைக் குடித்தார் என்பது ஒரு கட்சி. களைப்பும் ரத்தக்கொதிப்புமே கொன்றன என்பது இன்னொரு கட்சி. தீர்க்க வழியில்லை, பொதுக்குழியில் புதைத்ததால் உடல் கிடைக்கவே இல்லை. புரட்சியின் இருநூறாம் ஆண்டில், 1989இல், நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாந்தேயோனில் அவருக்கு இடம் கொடுத்தபோது வெறும் பெட்டியைத்தான் வைத்தார்கள்.

ஏறக்குறைய ஒரு வருடத்தில் காட்சி தலைகீழானது. ஜாக்கோபின் தலைவர் ரொபெஸ்பியேர் வீழ்ந்தபின், அதே கன்வென்ஷன் 1795இல் இந்த நூலின் 3000 பிரதிகளை வாங்க ஆணையிட்டது.

எதிர்க்கரை

நூலை அரசே வாங்கியது என்றால் அதற்கு வசதியான நூலாக இருந்தது என்றும் பொருள். இந்த வரலாற்றின் வழியே ஒன்பதாம் காலகட்டம் எங்கே முடிகிறது? பிரெஞ்சுக் குடியரசில். இதே பாதையில் பின்னால் ஒகஸ்த் கோந்த் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி வந்து, கோந்தோர்சேயைத் தன் ஆன்மிகத் தந்தை என்று சொல்லிக்கொண்டு, அறிஞர்கள் ஆளும் சமுதாயத்தைக் கட்டினார். முன்னேற்றத்தின் விதி எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்பதே என் பயம்.

ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸை மறக்க வேண்டாம். 1798இல் வந்த மக்கள்தொகைக் கட்டுரையின் தலைப்பிலேயே கோந்தோர்சே பெயர் இருக்கிறது. உணவைவிட வாய் வேகமாகப் பெருகும், உங்கள் சொர்க்கம் பசியில் கவிழும் என்றார்.

கணக்குவாத்தியார்

மால்தஸ் கேட்ட கேள்வியைக் கோந்தோர்சே தானே பத்தாம் காலகட்டத்தில் எழுப்பிக்கொள்கிறார், எதிர்க்கரை சார். ஜனத்தொகை வாழ்வாதாரத்தைத் தாண்டும் நாள் வந்தால்? அதற்குள் மனிதர்கள், இன்னும் பிறக்காதவர்களுக்குத் தங்களுடைய கடமை வெறுமனே உயிர் கொடுப்பதல்ல, நல்வாழ்வு கொடுப்பது என்று உணர்ந்திருப்பார்கள் என்கிறார். குழந்தைப் பேற்றைத் தம்பதியர் தாமே கட்டுப்படுத்துவார்கள் என்பதுதான் அதன் பொருள். மால்தஸுக்கு அது ஒழுக்கக்கேடாகப் பட்டது. பெண்களின் படிப்பும் குடும்ப அளவும் சேர்ந்து மாறியதைப் பார்த்த நமக்கு யார் கிட்டத்தில் வந்தார் என்று தெரியும்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. முதியோருக்கும் விதவைக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் நிதி. ஆயுள் அட்டவணைகளை வைத்து, பலர் சேமிப்பை ஒன்றாக்கி, முதுமையில் ஒவ்வொருவருக்கும் உதவித்தொகை கொடுக்க முடியும் என்கிறார். தர்மம் என்று கேட்கவில்லை. சாவுக் கணக்கை வைத்தே ஏற்பாடு செய்யலாம் என்கிறார். ஓய்வூதியம் வாங்குகிற நான் அந்தப் பத்தியைப் படித்தபோது கும்பிடத் தோன்றியது.

அந்த அத்தியாயம் தொடங்கும் விதத்தையும் கவனியுங்கள். விதி தெரிந்த நிகழ்வுகளைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறோம். விதி தெரியாதபோதும் கடந்த கால அனுபவத்தை வைத்துப் பெரும் வாய்ப்போடு எதிர்காலத்தைச் சொல்கிறோம். மனிதகுல விஷயத்தில் மட்டும் அது ஏன் வீண் முயற்சி ஆகணும்? அவர் பேசுவது வாய்ப்பு. சாத்தியக்கூறு கூடும், குறையும். ஐந்தாம், ஆறாம் காலகட்டங்களில் அது குறைந்ததை அவரே பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்.

சிவப்புமை

வாத்தியார் ஐயா சொன்ன நிதித் திட்டம் எனக்கும் மதிப்புக்குரியதுதான். ஆனால் சமத்துவம் தானாக வரும், சட்டத்தின் தடைகளை எடுத்துவிட்டால் சொத்து சமமாகும் போக்கு இயல்பாகவே உண்டு என்கிறாரே, அதை எப்படி ஏற்பது? அடுத்த நூற்றாண்டின் ஆலைகள் அதற்கு நேர் எதிராகப் போயின.

வரலாற்றுவாசல்

அது அவருடைய பலவீனமான இடம், தோழர். தியுர்கோவிடமிருந்து வந்த சந்தை நம்பிக்கை. 70 ஆண்டுத் திட்டமும் அதே வேரில் முளைத்ததுதான்: எல்லாருக்கும் விளங்கவைத்துவிட்டு மாற்றலாம் என்ற பொறுமை. பொறுமை காட்டச் சொல்பவர் சங்கிலியில் இல்லை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

எதிர்க்கரை ஐயாவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். கோந்தோர்சேயை வைத்து அறிஞர் ஆட்சியைக் கட்டியது கோந்த். மூன்றாம் காலகட்டத்தைப் படித்தவர் அதைச் செய்திருக்கக் கூடாது. அறிந்தவர் கூட்டம் தனி வர்க்கமாக இறுகினால் என்ன ஆகும் என்று எச்சரிக்கும் நூலை, அப்படியொரு வர்க்கத்துக்கு அடிக்கல்லாக்கிவிட்டார்கள். கல்வித் திட்டத்தில் அரசியலமைப்பைக்கூட வணங்காதே என்றவருக்கு இது நடந்தது.

எதிர்க்கரை

மூன்றாம் காலகட்டத்தைப் பத்தாவதோடு சேர்த்து வாசிக்கும் உங்கள் முறைக்கு இடம் கொடுக்கிறேன். சீனா விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். எகிப்தியப் பூசாரி தன் மக்களை எப்படி ஏமாற்றினார் என்று கோந்தோர்சேக்குத் தெரியும் என்றால், அந்த மக்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்றும் அவர் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஹெர்டர்தான் வேண்டும்.

புதுப்படிப்பு

எங்கிருந்து தொடங்குவது அண்ணா? முழு நூலும் எவ்வளவு பெரிது?

வரலாற்றுவாசல்

சிறியதுதான். அவர் மனதில் இருந்த பெரிய வரலாற்றுக்கு இது வெறும் முன்வரைவு. பெரிய நூலுக்கென்று எழுதிய துண்டுகள் தனியாக உள்ளன. பேக்கனின் 'அட்லாண்டிஸ்' பற்றியும் அறிவியலுக்கான பொதுமொழி பற்றியும். 1847 முதல் 1849 வரை எலிசாவும் அவர் கணவர் ஆர்தர் ஓகானரும் வானியலாளர் அராகோவோடு சேர்ந்து 12 தொகுதிகளாகத் தொகுத்தார்கள். 2004இல் பிரான்சில் கைப்பிரதிகளை ஒப்பிட்ட முழுப் பதிப்பு வந்தது.

முதலில் எட்டாவது, அச்சு. அடுத்து மூன்றாவது. அதன்பின் பத்தாவது. கிரேக்கம் பற்றிய நான்காவது பிறகு வரட்டும். நடுவே 1790 கட்டுரையைப் படித்துவிடு, சில பக்கங்கள்தான்.

நெய்தல்

சோஃபியின் எட்டுக் கடிதங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள் தம்பி. முதல் கடிதத்தில் குழந்தை தன் செவிலியிடமிருந்து பரிவைக் கற்கும் இடத்திலிருந்து தொடங்கு. அதற்கு அடுத்த வாரம் தனி இழை திறக்கிறேன், சிவப்புமை தோழரும் வரணும்.

சிவப்புமை

வருகிறேன். ஸ்மித்தை யார் கேள்வி கேட்டாலும் எனக்கு அங்கே வேலை உண்டு.